“பாலத்துல வந்துட்டு இருக்கேன் அக்கா”

தலைப்பில் இருக்கும் இந்த வரி என் வாட்ஸ்ஆப்புக்கு வாரத்தில் நாலு தடவையாவது வரும். ஸ்ரீரங்கத்தில் சின்னதாக ஒரு லேடீஸ் பார்லர் வைத்திருக்கிறேன். மாடியில் ரெண்டு நாற்காலி, ஒரு ஃபேஷியல் பெட், நான், உதவிக்கு ஒரு பொண்ணு, அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள், தில்லை நகர், உறையூர், சத்திரம் பக்கமிருந்து காவிரிப் பாலம் தாண்டி வர வேண்டும். ஆக, பாலத்தில் வந்துகொண்டிருக்கிறேன் என்றால் மாம்பழச்சாலை சிக்னலில் நின்றாலும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் படியேறிவிடுவார்கள் என்றுதான் அர்த்தம். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட அகராதிப்படி அதற்கு “இப்பத்தான் குளிக்கப் போறேன்” என்று பொருள். “கிளம்பிட்டேன்” என்றால் புடவையா சுடிதாரா என்று இன்னும் முடிவாகவில்லை. “இதோ, அஞ்சே நிமிஷம்” என்றால் வேறு யாராவது இருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துவிடலாம்.

கிண்டலுக்கு எழுதவில்லை. நானும் அப்படிச் சொல்கிறவள்தான், டெய்லரிடம், பல் டாக்டரிடம், என் மாமியாரிடம். ஆனால் கடை என்று ஒன்று நடத்தும்போது இந்த அஞ்சு நிமிஷம் எங்கே போய் முட்டுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது, அதைத்தான் எழுத வந்தேன்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை. பேங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர், என்னைவிட ரெண்டு மூன்று வயசு சின்னவர், அஞ்சு வாரத்துக்கு ஒருமுறை நரை மறைக்க டச்-அப்புக்கு வருவார். 11 மணிக்கு அப்பாயின்ட்மென்ட். 11.05-க்கு மெசேஜ், “பாலத்துல வந்துட்டு இருக்கேன் அக்கா”. சரி, வந்தவுடன் ஆரம்பித்தால் அவருக்கும் சீக்கிரம் முடியும் என்று கிண்ணத்தில் கலர் கிரீமைப் பிழிந்து, டெவலப்பரை ஊற்றிக் கலக்கி வைத்துவிட்டேன். அவர் படியேறி வந்தபோது மணி 11.50. கையில் ரெண்டு கட்டு முருங்கைக்கீரை. “வழியில நல்லா இருந்துச்சுக்கா, விட மனசில்லை, உங்களுக்கும் ஒரு கட்டு வாங்கினேன்” என்றார். கோபப்படவும் முடியவில்லை. கீரை நிஜமாகவே நன்றாக இருந்தது.

கிண்ணத்தைப் பார்த்தால், கலக்கும்போது மோர் நிறத்தில் இருந்த கிரீம் மேலே ஆடை கட்டி, ஊதாவும் கறுப்புமாக மாறிக் கிடந்தது. டெவலப்பர் என்று நாங்கள் சொல்வது ஹைட்ரஜன் பெராக்சைடு, நரைக்கு நான் போடுவது 20 வால்யூம், அதாவது 6 சதவீதம். அது கலருடன் சேர்ந்த நொடியிலிருந்து வேலை ஆரம்பித்துவிடும். முடிக்குள் போய் நடக்க வேண்டிய வேலை கிண்ணத்திலேயே நடந்து முடிந்துவிட்டால், அதற்கப்புறம் தலையில் தடவினால் மேலோடு ஒட்டும், நாலு தடவை தலை குளித்தால் போய்விடும். பிரிட்ஜில் எடுத்து வைத்து நாளைக்குப் போடவும் முடியாது. வாஷ் பேசினில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தேன். கொட்டினதற்கு அவரிடம் காசு கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. “பரவாயில்லம்மா” என்றுதான் சொன்னேன். இந்தப் பரவாயில்லையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அன்றைக்கு என்னுடைய நஷ்டம் அரை டியூப் கலரோடு முடிந்தது. ஆனால் 12.30-க்கு ஃபேஷியலுக்கு வந்த டீச்சர் ஒரு மணிக்கு மேல்தான் படுத்தார், 2 மணிக்கு அவர் பையனைப் பள்ளிக்கூட வாசலில் நின்று அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஃபேஷியலில் நேரம் போதாமல் போனால் எதை வெட்டுவோம் தெரியுமா? மசாஜை. க்ளென்சிங், ஸ்க்ரப், ஸ்டீம், பேக் எதையும் விட முடியாது, விட்டால் கண்ணாடியில் தெரிந்துவிடும். மசாஜ் இருபது நிமிஷம் எட்டு நிமிஷமானால் படுத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த டீச்சருக்கு வாரம் பூராவும் கிடைக்கிற ஒரே ஓய்வு அந்த இருபது நிமிஷம்தான், அதில் பன்னிரண்டை கீரை தின்றுவிட்டது.

இப்படித்தான் நடக்கும். லேட்டாக வந்தவர் முழு சர்வீஸோடு கிளம்பிவிடுவார், நேரத்துக்கு வந்தவர் பாதியோடு கிளம்புவார். இதை ரொம்ப நாள் நான் யோசிக்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை யோசிக்க வைத்தது.

அன்றைக்குக் காலை முதல் ஆளே இருபது நிமிஷம் லேட். சரி, மதியத்துக்குள் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்தவர் நேரத்துக்கு வந்தார், ஆனால் தங்கச்சியையும் கூட்டி வந்திருந்தார், “சும்மா ஐப்ரோ மட்டும்தான், அஞ்சு நிமிஷ வேலை”. அதற்கு அடுத்தவர் ப்ளோ டிரைக்கு வந்தார், தலை முழுக்க நல்லெண்ணெய். ரெண்டு தடவை ஷாம்பு போட்டுத்தான் எண்ணெய் போனது. மூன்றரைக்கு ஒரு பெண் வர வேண்டும், சாயந்திரம் அஞ்சு மணிக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். த்ரெட்டிங், கிளீன்-அப், தலையை செட் பண்ணிப் பூ வைக்க வேண்டும். அவளும் அவள் அம்மாவும் மூணு இருபதுக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அவர்களைக் கூப்பிட்டபோது மணி 4.25.

த்ரெட்டிங் மட்டும் செய்து, முகம் துடைத்து, தலையை வாரிப் பின்னிப் பூ வைத்து அனுப்பினேன். அவள் போனில் காட்டி வைத்திருந்த கொண்டை வேறு. நான் சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா சத்தம் போடவில்லை. காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார், “நாங்க சொன்ன நேரத்துக்குத்தானே வந்தோம்மா.”

அவர்கள் அதற்கப்புறம் வரவில்லை. வராமல் இருந்ததற்குக் காரணம் காலையில் இருபது நிமிஷம் தாமதமாக வந்த ஒருவர், அவருக்கு இன்று வரை இது தெரியாது.

அன்று ராத்திரி நோட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதில் எனக்கே சங்கடமான ஒன்று கண்ணில் பட்டது. லேட்டாக வருகிறவர்கள் என்று நான் திட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் ஆரம்பத்தில் சரியாக வந்துகொண்டிருந்தவர்கள். அவர்களை வர வைத்து அரை மணி, முக்கால் மணி பெஞ்சில் உட்கார வைத்து, பழைய வார இதழைக் கையில் கொடுத்து, “இதோ முடிஞ்சிடுச்சு” என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது தடவையிலிருந்து அவர்களும் கணக்குப் போட்டு அரை மணி தள்ளி வர ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, ஒரே நேரத்துக்கு ரெண்டு பேருக்கு வாங்க என்று சொல்லி வைப்பது, ஒருத்தர் எப்படியும் வர மாட்டார் என்ற தைரியத்தில். ரெண்டு பேரும் வந்துவிட்டால் ஒருத்தர் முகத்தில் பேக் போட்டு உலர விட்டுவிட்டு இன்னொருத்தருக்கு வாக்ஸ். நானும் அதைச் செய்திருக்கிறேன். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நேரத்துக்கு வாங்க என்று கேட்பது?

அதனால் முதலில் என் பக்கத்தைச் சரி செய்தேன். ஒரு நேரத்துக்கு ஒருத்தர். ஒவ்வொரு வேலைக்கும் நிஜமாக எவ்வளவு ஆகிறது என்று ஒரு வாரம் கடிகாரம் பார்த்து எழுதினேன். நான் நாற்பது நிமிஷம் என்று நினைத்துக்கொண்டிருந்த கிளீன்-அப்புக்கு ஐம்பத்தைந்து ஆகிறது, ஏனென்றால் வந்தவுடன் பேசுகிறோம், டவல் மாற்றுகிறோம், கடைசியில் காசு வாங்கும்போது மறுபடியும் பேசுகிறோம். அந்தப் பேச்சும் வேலைதான், அதையும் கணக்கில் சேர்த்தேன். ரெண்டு ஆளுக்கு நடுவில் பத்து நிமிஷம் சும்மா விட்டேன். ஒரு நாளைக்கு ஒரு ஆள் குறைந்தது, உண்மைதான். ஆனால் பெஞ்சில் காத்திருக்கும் முகங்களும் குறைந்தன.

அதற்கப்புறம்தான் வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன், அதிலும் முதலில் தப்புத் தப்பாகத்தான் செய்தேன்.

முதல் தப்பு, போர்டு. கம்ப்யூட்டர் சென்டரில் சிவப்பு எழுத்தில் அடித்து, லேமினேட் பண்ணி, கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினேன், “15 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வருபவர்களின் அப்பாயின்ட்மென்ட் ரத்து செய்யப்படும்”. அன்றைக்கே எங்கள் தெரு மாமி ஒருவர் வந்தார், பத்து வருஷமாக ஒரு நாளும் லேட்டானதில்லை. போர்டைப் படித்துவிட்டு முகம் சுருங்கி, “ஏண்டிம்மா, நான் ஏதாவது லேட்டா வந்துட்டேனா?” என்று கேட்டார். அடுத்து வந்தவர் முக்கால் மணி லேட். போர்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “கரெக்டா போட்டிருக்கீங்க அக்கா, சில பேர் இருக்காங்க, சொன்னாத்தான் புரியும்” என்றார். அப்போதுதான் விளங்கியது, போர்டு யாருக்காக எழுதப்படுகிறதோ அவர்கள் தங்களுக்கு என்று படிக்க மாட்டார்கள், மற்ற எல்லோரும் படித்து வருத்தப்படுவார்கள். மூன்றாம் நாள் கழற்றிவிட்டேன். அதன் பின்பக்கம் இப்போது வாக்ஸ் ஹீட்டருக்கு அடியில் விரிப்பாக இருக்கிறது.

ரெண்டாவது தப்பு, பொய் நேரம். எப்போதும் அரை மணி லேட்டாக வரும் ஐடி கம்பெனிப் பெண்ணுக்கு, 10.30 அப்பாயின்ட்மென்ட்டை 10 என்று சொல்லி வைத்தேன். ரெண்டு தடவை அருமையாக வேலை செய்தது. மூன்றாம் தடவை அவள் 9.55-க்கே வந்துவிட்டாள், நாற்காலியில் வேறு ஒருத்தர் தலை முழுக்க ஃபாயிலோடு. “பத்து மணின்னுதானே சொன்னீங்க?” என்றாள். அவள் கெட்டிக்காரி, நான் திருதிருவென்று விழித்ததிலேயே புரிந்துவிட்டது. இப்போது நான் எந்த நேரம் சொன்னாலும் “இது நிஜ டைமா, எனக்குன்னு வெச்சிருக்கற டைமா?” என்று கேட்டுவிட்டுத்தான் குறித்துக்கொள்கிறாள்.

சரி, எதுதான் வேலை செய்தது?

முந்தின நாள் சாயந்திரம் அனுப்பும் ஒரு மெசேஜ். அன்றைக்குக் காலையில் அனுப்பினால் அது ஞாபகப்படுத்துவது இல்லை, விரட்டுவது. நிறையத் திருத்தி இப்போது இப்படி வந்து நிற்கிறது:

“வணக்கம்மா. நாளைக்கு காலைல 10.40-க்கு உங்களுக்கு ஃபேஷியல். 11.50-க்கு நீங்க கிளம்பிடலாம். உங்களுக்கு அப்புறம் 12 மணிக்கு ஒருத்தங்க வர்றாங்க. நேரம் மாத்தணும்னா இன்னிக்கு ராத்திரி 9-க்குள்ள சொல்லிடுங்க, வேற நேரம் பார்த்துத் தர்றேன்.”

இதில் நேரத்துக்கு வாருங்கள் என்று எங்கேயும் இல்லை பாருங்கள். தயவுசெய்து இல்லை, தாமதம் இல்லை, ரத்து இல்லை. ஆனால் இந்த நாலு வரியில் மூன்று விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒன்று, 10.40. பத்தரை என்று சொன்னால் பத்தரை மணி வாக்கில் என்றுதான் காதில் விழும், பத்தே முக்காலும் பத்தரைதான், பதினொன்றும் ஏறக்குறைய பத்தரைதான். 10.40 என்றால் ரயில் நேரம் மாதிரி, யாரோ கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றும். ரெண்டு, எப்போது கிளம்பலாம் என்பது. நம் வீட்டுப் பெண்களுக்குப் போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம்தான் முக்கியம், அடுப்பு, ஸ்கூல் வேன், மாமனாருக்கு மாத்திரை எல்லாம் அதில்தான் தொங்குகிறது. 11.50-க்குக் கிளம்பிவிடலாம் என்று நான் எழுதிக் கொடுத்தால், அதைக் காப்பாற்ற அவர்களே 10.40-க்கு வருகிறார்கள். மூன்று, 12 மணிக்கு வருகிற அந்த இன்னொருத்தர். எனக்காக நேரத்துக்கு வாங்க என்றால் அதில் முதலாளி வாடை அடிக்கும். இன்னொரு பெண் காத்திருப்பாள் என்றால் யாருக்கும் மனசு வராது. அந்தப் பெண் பார்க்கும் நாளில் வந்த அம்மாவை நினைத்துக்கொண்டுதான் அந்த வரியை எழுதினேன்.

அப்புறம், நேரம் கொடுக்கும்போதே கேட்க ஆரம்பித்தேன். முன்பெல்லாம் “பத்து மணிக்கு வர்றீங்களா?” என்பேன், அவர்களும் மரியாதைக்குச் சரி என்பார்கள். பத்து மணிக்கு ஒரு குடும்பப் பெண்ணால் வர முடியுமா என்று நான் யோசித்ததில்லை. ஒன்பதரைக்குக் கணவர் கிளம்புவார், தண்ணீர் வரும் நேரம், வேலைக்கார அம்மா வந்தாரா வரவில்லையா, இதெல்லாம் தாண்டி வர வேண்டும். இப்போது “வீட்டு வேலை எத்தனை மணிக்கு முடியும் உங்களுக்கு?” என்று கேட்கிறேன். பதினொன்று என்பார்கள், 11.20 கொடுக்கிறேன். தாமதத்தில் ஒரு பங்கு நான் தப்பான நேரம் கொடுத்ததால் வந்தது. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள், கூட யாராவது வருகிறார்களா, ஐப்ரோவும் பண்ண வேண்டுமா என்றும் அப்போதே கேட்டுவிடுகிறேன். நேரத்துக்கு வந்துவிட்டு “அப்படியே இதையும் பண்ணிடுங்களேன்” என்பவரும், இருபது நிமிஷம் லேட்டாக வருபவரும் எனக்கு ஒரே கணக்குதான்.

அப்படியும் லேட்டாகி வந்தால்? பத்து நிமிஷம் வரைக்கும் ஒன்றும் சொல்வதில்லை, அதற்குத்தானே நடுவில் பத்து நிமிஷம் விட்டிருக்கிறேன். அதற்கு மேல் போனால் முகத்தைச் சுளிக்காமல், “வாங்கம்மா, தண்ணி குடிங்க. 12 மணிக்கு ஆள் இருக்காங்க, அதனால இன்னிக்கு கிளீன்-அப் பண்ணிடலாம், ஃபேஷியலை அடுத்த வாரம் நிதானமா வெச்சுக்கலாமா?” என்று கேட்பேன். குறைந்ததற்குக் காசும் குறைவு. கலர், ஸ்மூத்தனிங் (சுருட்டை முடியை நேராக்குவது) மாதிரி வேலைகளில் இந்தச் சமாதானமும் கிடையாது. நரைமுடிக்குக் கலர் ஏற முப்பத்தைந்து நிமிஷம் ஆகும் என்றால் ஆகும், அவசரம் என்று இருபதில் கழுவினால் நெற்றி ஓரம் வெளுப்பாகவே நிற்கும். ஸ்மூத்தனிங்கில் முடி சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்த பிறகுதான் அயர்ன் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முடி வெந்து போகும். இந்த மாதிரி மூன்று நாலு மணி நேர வேலைகளுக்கு மட்டும் 500 ரூபாய் முன்பணம் ஜிபேயில் வாங்குகிறேன், பில்லில் கழித்துவிடுவேன். த்ரெட்டிங்குக்கு வருகிறவரிடம் அட்வான்ஸ் கேட்டால் அது அசிங்கம்.

முன்பணத்தை எப்படிக் கேட்பது என்று ரொம்பத் தயங்கினேன். கடைசியில் என் பொண்ணுதான், கடையில் உதவிக்கு இருப்பவள், அவளுக்கு வயசு இருபத்திரண்டு, சொன்னாள்: “அக்கா, உங்களுக்காக அன்னிக்கு மதியம் வேற யாருக்கும் டைம் கொடுக்க மாட்டேன்னு சொல்லுங்க, அப்புறம் காசைப் பத்தி சொல்லுங்க.” சொன்னேன். ஒருத்தர்கூட மறுக்கவில்லை.

இந்த “பரவாயில்லை”யைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. சாரிக்கா லேட்டாயிடுச்சு என்று யாராவது சொன்னால் வாய் தானாகவே பரவாயில்லம்மா என்று சொல்லிவிடும், நம் வளர்ப்பு அப்படி. ஆனால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மசாஜைக் குறைப்பதும், வெடுக்வெடுக்கென்று தலையை வாருவதும், அவர் போன பிறகு பொண்ணிடம் புலம்புவதும் சரியில்லை. பரவாயில்லை என்று நான் சொன்னதை அவர் நிஜமாகவே நம்பிப் போகிறார், அடுத்த தடவையும் லேட்டாக வருகிறார், அவர் மேல் என்ன தப்பு? இப்போது அந்த இடத்தில் “வந்துட்டீங்கள்ல, உட்காருங்க, இருக்கற நேரத்துல என்ன பண்ணலாம்னு பார்க்கலாம்” என்கிறேன். கோபமும் இல்லை, பொய்யும் இல்லை. பழக்கப்படுத்திக்கொள்ள எனக்கு ரெண்டு மாசம் ஆனது.

நமக்கு நேரம் பார்க்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் என்றால் 10.25-க்கே படியேறி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறவர்கள் எத்தனையோ பேர். நாற்காலியில்கூட உட்கார வேண்டாம், வாசற்படியைத் தாண்டினால் போதும் அவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை நாலரை ராகு காலத்துக்கு முன்னால் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று மூணு மணிக்கே வருகிறவர்களும் உண்டு. அதனால் நானும் கள்ளத்தனமாகச் சில பேருக்கு வெள்ளிக்கிழமை 10.20 கொடுக்கிறேன், அவர்கள் லேட்டாக வந்ததே கிடையாது.

கல்யாண வேலையிலும் அப்படித்தான். நாலரை ஆறு முகூர்த்தம் என்றால் ராத்திரி ஒன்றரைக்குப் பெண்ணை உட்கார வைக்க வேண்டும். மேக்கப்புக்கு ஒன்றரை மணி நேரம், சவுரி வைத்துப் பின்னி, பூ ஜடை தைத்து, ராக்கொடி, சூரியப் பிறை, சந்திரப் பிறை எல்லாம் வைக்க ஒரு மணி நேரம், புடவை கட்ட அரை மணி. புடவையை முந்தின நாளே மடிப்பு எடுத்து அயர்ன் பண்ணி வைத்துவிடுவதால் இப்போது கொஞ்சம் மிச்சமாகிறது. இங்கே பெண்ணுக்கு நான் நேரம் சொல்வதே இல்லை, பெண்ணின் அத்தைக்கோ சித்திக்கோ சொல்வேன். ரிசப்ஷன் முடிந்து பதினொன்றரைக்கு மேடையை விட்டு இறங்கிய பெண்ணை, இன்னும் நாலு போட்டோ என்று நிறுத்துகிற கூட்டத்திடமிருந்து பிடுங்கித் தூங்க அனுப்ப ஒரு கண்டிப்பான அத்தையால்தான் முடியும்.

இன்னொரு வேடிக்கை. 2022 கடைசியில் காவிரிப் பாலத்தை மராமத்துக்காக அடைத்தார்களே, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாம் ஓயாமரி போய் பைபாஸ் பாலத்தில் ஏறிச் சுற்றித்தான் வர வேண்டும். என் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தேன், கொஞ்சம் படுக்கவும் செய்தது. ஆனால் வந்தவர்கள் அத்தனை பேரும் நேரத்துக்கு வந்தார்கள், சில பேர் கால் மணி முன்னாலேயே வந்தார்கள். சுற்ற வேண்டுமே என்று சீக்கிரம் கிளம்பினார்கள், அவ்வளவுதான். பாலம் திறந்தது, பழையபடி லேட்டாக ஆரம்பித்துவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் போய்விடலாம் என்று தெரிந்தால் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் செருப்பைத் தேடுவோம். அதனால் ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் ரோடு நிரம்பி வழியும்போதும், வைகுண்ட ஏகாதசி சமயத்தில் தெருக்களை அடைக்கும்போதும் இப்போது நானே முன்கூட்டி மெசேஜில் “நாளைக்கு கூட்டமா இருக்கும், வண்டியை தள்ளி நிறுத்திட்டு நடக்க வேண்டியிருக்கும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். அந்த நாட்களில்தான் கடை கடிகாரம் மாதிரி ஓடுகிறது.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ரெண்டு பேர் இன்னும் முக்கால் மணி லேட்தான், அவர்களை நாளின் கடைசி ஆளாக வைத்துக்கொண்டேன், அவர்களுக்குப் பின்னால் காத்திருக்க என் வீட்டுக்காரரைத் தவிர யாருமில்லை. ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு பார்லருக்குப் போய்விட்டார். ஆறு மாசம் கழித்துத் திரும்பி வந்தார், அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்களாம்.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இன்றைக்கு மத்தியானம் வந்த ஒரு மெசேஜால்தான். அதே கீரைக்கட்டு தோழி. 3.10-க்கு டச்-அப். மணி 2.50-க்கு எழுதியிருந்தார்: “அக்கா, உண்மையைச் சொல்லிடறேன், நான் பாலத்துல இல்லை, இன்னும் ஆபீஸ்லதான் இருக்கேன். வர்றதுக்கு 3.45 ஆகும். வரட்டுமா, வேற நாள் வெச்சுக்கலாமா?” நாலரைக்கு அடுத்த ஆள் இருந்தார், முக்கால் மணியில் கலர் முடியாது. நாளைக்கு மறுநாள் காலை 11.20 என்று எழுதினேன், கட்டைவிரல் வந்தது. டியூபைத் திறக்கவில்லை, கிண்ணம் காய்ந்தபடி இருந்தது. பொண்ணு கீழே போய் ரெண்டு டீ வாங்கி வந்தாள், ஆறுவதற்குள் குடித்தோம்.